மாடியைக் குளிர வைத்த காத்தமுத்து

மருங்காபுரியிலிருந்து வந்த காத்தமுத்துவுக்கு மொட்டை மாடிகளில் கூலிங் டைல்ஸ் ஒட்டுவது தொழில். ஊரார் வீட்டு வெயிலைத் தடுத்துவிட்டு, ஸ்ரீரங்கத்தில் மாடி வாடகை வீட்டில் வெந்துகொண்டிருந்தார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். சிரிப்பார்.

அவரைவிட அதிகம் வெந்தது மனைவி வள்ளிக்கண்ணு. பைக்கிலிருந்து விழுந்து கழுத்தில் அடிபட்டதிலிருந்து படுக்கைதான். கழுத்துக்குக் கீழே வியர்ப்பதும் நின்றுபோயிருந்தது. “உடம்புச் சூடு வெளிய போக வழியில்ல. ரூம் சூடானா உயிருக்கே ஆபத்துங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏசி மாட்ட, கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா அரவிந்தவல்லி சம்மதிக்கவில்லை. ஒயரிங் தாங்காதாம்.

வேலை செய்த இடங்களில் மிஞ்சிய, மூலை உடைந்த வெள்ளை ஓடுகளைக் காத்தமுத்து சேர்த்தார். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் தன் வீட்டு மொட்டை மாடியில் ஒற்றை ஆளாக உழைத்தார். தளத்தின் மேல் தெர்மாகோல், அதன்மேல் கலவை, அதன்மேல் ஓடு. வெயிலை ஓடு திருப்பி அனுப்பும். மிச்சச் சூட்டைத் தெர்மாகோல் கீழே இறங்க விடாது. சூடு பார்க்கும் கருவியை அறைக்குள்ளிருந்து கூரையை நோக்கிப் பிடித்தார். போன ஏப்ரலில் நாற்பத்தைந்து டிகிரி காட்டியது, இந்த ஏப்ரலில் முப்பத்தாறு. வள்ளிக்கண்ணு மத்தியானத்தில் தூங்கினார். அதைப் பார்த்து இவர் அழுதாராம்.

அடுத்த வாரம் அரவிந்தவல்லி மேலே வந்தார். உச்சி வெயிலில் வெறுங்காலோடு ஓட்டின் மேல் நடந்து பார்த்தார்.

“ரொம்ப நன்னா பண்ணியிருக்கேள். எம் பொண்ணு மாதுரி பிரசவத்துக்கு வரா. பச்சக் குழந்தைக்கு வெக்கை ஆகாது பாருங்கோ. இந்த மாசத்தோட காலி பண்ணிக் குடுத்துடுங்கோ.”

“ஓடு நான் போட்டதும்மா.”

“ஒட்டினத எடுத்துண்டா போக முடியும்?”

படுத்த நோயாளி என்றதும் ஒருவரும் வீடு தரவில்லை. கடைசியில் உறையூரில் ஷீட் போட்ட வீடு ஒன்று கிடைத்தது. கருவி அங்கே ஐம்பத்தொன்று காட்டியது. ஈரத்துணி, ரெண்டு ஃபேன், எல்லாம் செய்தார். மே மாதம் ஒரு மத்தியானம் வேலையிலிருந்து ஓடிவந்து பார்த்தபோது வள்ளிக்கண்ணுவின் உடம்பு அடுப்புக்கல்லாகக் கொதித்தது. மூச்சு இல்லை.

ஜூலையில் அரவிந்தவல்லி போன் செய்தார். “கேள்விப்பட்டேன். பகவான் சித்தம், என்ன பண்றது. மழைக்கு மாடியில ஒரு மூலை ஒழுகறது. தொட்டில் அங்கதான் இருக்கு. சித்த வந்து பாருங்கோ.”

நானாக இருந்தால் போய் ஒவ்வொரு ஓடாகப் பெயர்த்திருப்பேன். இவர் போய்ப் பூசிவிட்டு வந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “எதுக்குங்க போனீங்க?” என்று கத்தினேன்.

“கருவியப் பிடிச்சுப் பாத்தேங்க. இன்னும் முப்பத்தாறுதான்” என்றார். “குழந்த நல்லாத் தூங்குது.”