நாவல் கட்டு

சித்தப்பா சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு ரயிலில் வேலைக்குப் போய் வந்தார். அரசு அலுவலகத்தில் கிளார்க். போக வர ஒரு மாத நாவலை முடித்துவிடுவார். அமைச்சரின் சதி, காணாமல் போன கோப்பு, இப்படித்தான் இருக்கும். சாயங்காலம் அதை எனக்குச் சொல்லுவார். எங்கள் வீட்டில் ஒரே சட்டம்தான்: கதையைப் படிக்காதவரிடம் அதன் ரகசியத்தை உடைக்கக் கூடாது.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஒரு கதையைப் புத்தகம் இல்லாமல் சொன்னார். ஒரு ஊரில் ஓர் ஏரி. கட்சிக்காரர்கள் அதை மனை போட்டு விற்க, அதிகாரியே பொய்ப் பட்டாவில் கையெழுத்துப் போடுகிறார். ஒரு குமாஸ்தா அதை ஜெராக்ஸ் எடுத்துப் பழைய நாவல் கட்டுக்குள் ஒளித்துவிட்டுப் புகார் கொடுக்கிறார். விசாரணையில் காட்ட வேண்டும். முடிவைக் கேட்டேன். அடுத்த வாரம் தெரியும் என்றார்.

அதற்குள் அம்மாவின் அண்ணன், புவனகிரி மாமா, கரைவேட்டியோடு வந்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதைச் சொல்ல இன்று நாக்கு கூசுகிறது. சித்தப்பா புதிதாக என்ன கதை சொன்னார் என்று வழக்கம்போலக் கேட்டார். சொன்னேன். ஏரி வந்ததும் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“அந்த ஜெராக்ஸ எங்க வெச்சாராம்?”

சட்டம் ஞாபகம் வந்தது. மாட்டேன் என்றேன்.

“நான் என்னா படிக்கவா போறேன்? சும்மா சொல்லு கண்ணு.”

சொன்னேன். கிளம்பும்போது, அத்தைக்குப் பொழுதே போகவில்லை என்று அலமாரியிலிருந்த பழைய நாவல் கட்டைக் கேட்டார். அம்மாவே மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தாள்.

அன்று சித்தப்பா வந்து அலமாரி முன் வெகுநேரம் நின்றார். யாரையும் திட்டவில்லை. மேலதிகாரி மீது பொய்ப்புகார் கொடுத்ததாகச் சொல்லி அடுத்த மாதம் அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். மாமா அந்த ஏரியிலேயே வீடு கட்டினார். உறவு விட்டுப்போகக் கூடாதென்று கிரகப்பிரவேசத்துக்குக் குடும்பத்தோடு போனோம். நான் பாயசம் இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தேன்.

சித்தப்பா மட்டும் வரவில்லை. நாவல் வாங்குவதையும் விட்டுவிட்டார். ஒருநாள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“மாமாகிட்ட ரகசியத்த சொல்லிட்டேன் சித்தப்பா. அதான் இப்பல்லாம் கத சொல்ல மாட்டேங்கிறீங்களா?”



“அது வெறும் கததானேம்மா” என்றார்.

அப்பாடா என்று எழுந்து விளையாட ஓடினேன்.