மேட்டில் மட்டும் நழுவிய கியர்

டத்தோ கிராமாட்டில் எங்கள் பட்டறையில் இரண்டு பேர்தான். கியர்பாக்ஸை இறக்குவதும் பிரிப்பதும் என் கணவர். எதை இறக்க வேண்டும், இறக்கத்தான் வேண்டுமா என்று சொல்வது நான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பதினோரு வருடம் மின்பலகைகளைச் சோதித்துப் பழுது கண்டுபிடித்த கை இது. காடிக்கு, அதாவது கார் வேலைக்கு, மாறியபோதும் அதிகம் தடுமாறவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கருநீல நிறத்தில் இரண்டு கதவு காடி ஒன்று வாசலில் வந்து நின்றது. தாழ்வான உடம்பு, அகலமான டயர், நானூறு குதிரைச் சக்திக்கு மேல் இருக்கும். இறங்கியவர் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அக்கா. இருபத்தெட்டு வருடம் பள்ளி வேன் ஓட்டியவராம். வேனை விற்றுவிட்டு, பழைய காடியாகப் பார்த்து இதை வாங்கியிருக்கிறார்.

"மத்தவங்க பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு நாப்பதுலயே ஓட்டுனேன்லா. இனிமே எனக்காக ஓட்டுறேன்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

அவருடைய சிக்கல் இதுதான். பாயா தெருபோங் மேட்டில் ஏறும்போது இன்ஜின் மட்டும் சத்தமாக அலறுகிறது, காடி முன்னால் போவதில்லை. வீட்டில் நிறுத்தும் இடத்தில் எண்ணெய்ப் பொட்டுகளும் விழுகின்றன. புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். அங்கே சுற்றி வந்து பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் போய்விட்டது, முழுசாக மாற்ற வேண்டும் என்றார்களாம். அதைக் கேட்டு, கோலாலம்பூரில் இருக்கும் மகன் காடியை விற்றுவிடச் சொல்லித் தினமும் போன் பண்ணுகிறார்.

"ஓட்டிப் பாத்தாங்களாக்கா?"

"இல்ல. சும்மா நின்ன இடத்துலயே பாத்தாங்க."

எனக்கு அது போதும். கணினியைக் காடியோடு இணைத்து மடியில் வைத்துக்கொண்டு, அவரையே ஓட்டச் சொன்னேன். அவர் எப்படி மிதிக்கிறாரோ அப்படித்தான் நான் பார்க்க வேண்டும்.

முதலில் கடல் பாலம் தாண்டி நெடுஞ்சாலைக்குப் போனோம். சமமான சாலையில் நன்றாக மிதிக்கச் சொன்னேன். காடி பாய்ந்தது. கியர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தானாகவே சுத்தமாக மாறின. திரும்பி வந்து மேட்டில் ஏறினோம். மூன்றாவது வளைவில், மூன்றாம் கியரிலிருந்து நான்காவதற்குப் போகும்போது இன்ஜின் சுழற்சி திடீரென்று எகிறியது. திரையில் கோடு செங்குத்தாக நின்றது.

"பாத்தியா! கால்லயே தெரியுது தங்கச்சி. வேன்ல கிளட்ச் தேஞ்சப்பவும் இப்படித்தான் இருந்துச்சு."

"தேஞ்ச கிளட்ச்சா இருந்தா நெடுஞ்சாலையிலயும் நழுவியிருக்கணும்கா. அங்க ஒழுங்கா புடிச்சிச்சே. இங்க காடி சாயுது, வளையுது. உள்ள எண்ணெய் கம்மியா இருந்தா அது ஒரு பக்கமா ஒதுங்கிரும். பம்பு காத்த இழுக்கும். அழுத்தம் இல்லாம கிளட்ச் எப்படிப் புடிக்கும்?"

அவர் உடனே நம்பவில்லை. நம்பியது போல் தலையாட்டவும் இல்லை. அதனாலேயே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

இந்த மாதிரிக் காடிகளில் கியர்பாக்ஸ் எண்ணெயை அளக்கக் குச்சி கிடையாது. குறைந்தாலும் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பட்டறையில் தூக்கி நிறுத்தி, எண்ணெயை வடித்து அளந்தோம். ஒன்றரை லிட்டர் குறைவு. எண்ணெய் கறுத்திருந்தது, ஆனால் கருகிய வாடை இல்லை. கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றி, உள்ளே உலோகத் தூளைப் பிடித்து வைக்கும் காந்தங்களைப் பார்த்தேன். சாம்பல் நிறப் பசை மட்டும் ஒட்டியிருந்தது, உலோகத் துணுக்கு ஒன்றுகூட இல்லை. உள்ளே எதுவும் உடையவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

அடித்தட்டின் விளிம்பு முழுக்க ஈரமாக இருந்ததால் ஒழுக்கு அங்கேதான் என்று முடிவு செய்தேன். புதுத் தட்டு, புது எண்ணெய். இன்ஜினை ஓடவிட்டு, எண்ணெய் நாற்பது டிகிரிக்குச் சூடேறியதும், நிரப்பும் துளையிலிருந்து மெல்லிய நூலாக வழியும்வரை ஊற்றினோம். மேட்டில் ஏறிப் பார்த்தோம். நழுவல் போய்விட்டது. அக்கா ஸ்டீரிங்கைத் தட்டிக்கொண்டே மேட்டிலிருந்து இறக்கி ஓட்டி வந்தார்.

பத்தாவது நாள் போன் வந்தது.

"தங்கச்சி, அடியில வெள்ளை அட்டை போட்டு வெச்சேன். ஒரு பொட்டு இருக்கு."

முகம் சூடாகிவிட்டது. என் கணவர் காடியை உயர்த்தும் தூக்கியைக் காலியாக்கி வைத்தார். பொட்டு விழுந்த இடத்தைப் பார்த்தேனே தவிர, எண்ணெய் எங்கிருந்து இறங்கி வந்தது என்று நான் மேலே தேடவில்லை. காடி ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளும், அதன் எடை கீழே இழுக்கும். தட்டின் விளிம்பு அது கடைசியாக வந்து சேர்ந்த இடம்.

அக்கா வந்ததும் நேராகச் சொன்னேன். "தப்பு எம்மேலதாங்கா. அடிப்பக்கத்த கழுவாமலே முடிவு பண்ணிட்டேன்."

"சரி, இப்ப கழுவு" என்றார் அவர். அவ்வளவுதான்.

அடிப்பக்கம் முழுவதையும் கழுவித் துடைத்தோம். எண்ணெயில் ஒளிரும் சாயம் கலந்தேன். இரண்டு நாள் எப்போதும் போல ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். திரும்பி வந்ததும் பட்டறைக் கதவை இறக்கி இருட்டாக்கி, நீல விளக்கை அடித்தேன். மஞ்சள் பச்சையாக ஒரு கோடு மின்னியது. தட்டிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டே மேலே போனேன். ஒயர்கள் கியர்பாக்ஸுக்குள் நுழையும் வட்டப் பிளக்கில் போய் முடிந்தது. அதைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் சூட்டில் காய்ந்து, நகத்தால் கீறினாலே உதிர்ந்தது. அக்காவைக் கூப்பிட்டு விளக்கை அவர் கையில் கொடுத்தேன். தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

"இத்துனூண்டுக்கா முழுசா மாத்தச் சொன்னான்?"

பிளக்கின் உறையை வளையங்களோடு மாற்றினோம். எண்ணெயை மறுபடி சரியான அளவுக்கு நிரப்பினேன். கியர் மாற்றும் விதத்தைக் கியர்பாக்ஸ் புதிதாகக் கற்றுக்கொள்ளும்படி கணினி வழியே செய்தேன். எண்ணெய் குறைவாக ஓடிய நாட்களில் கிளட்ச் கொஞ்சம் தேய்ந்திருக்கலாம், எவ்வளவு என்று பிரிக்காமல் சொல்ல முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து வெள்ளை அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார். பூனையின் காலடித்தடம் மட்டும் இருந்தது.

அதன் பிறகு அவருடைய மகன் போன் செய்தார். "அம்மா அந்தக் காடிய ஓட்டலாமா? சேஃபா?"

"கியர்பாக்ஸுக்கு நான் பொறுப்பு தம்பி. ஓட்டுறதப் பத்திக் கவலையா இருந்தா ஒரு தடவ பக்கத்துல உக்காந்து பாருங்க."

மகன் அடுத்த முறை ஊருக்கு வந்தபோது, ஈப்போ வரை அம்மா ஓட்ட, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறார். தைப்பிங் தாண்டும்வரை கைப்பிடியை விடவே இல்லையாம். அதற்கப்புறம் தூங்கிவிட்டான் என்று அக்கா பெருமையாகச் சொன்னார்.