சகியுசாவின் தலையில் ஏறியவள்

சகியுசா என் மச்சான். எங்கள் ஃபிஜித் தீவுகளில் மச்சானைக் கிண்டல் செய்யாமல் விட்டால், 'உங்களுக்குள்ள என்னப்பா சண்டை?' என்று ஊரே விசாரிக்கும். அதனால் நான் சொல்வதில் கால்வாசியைத் தள்ளிவிடுங்கள். மீதி உண்மை.

ஆள் வாசலில் நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் வராது. ரக்பி ஆடிய காலத்தில் இவன் மோதிப் பல் போனவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவனுக்குக் கொண்டை ஓணான் என்றால் தொடை நடுங்கும். எங்கள் எல்லோருக்குமே அதனிடம் கொஞ்சம் பயம்தான். கோபம் வந்தால் பச்சை உடம்பு கறுத்து, வாயைப் பிளந்து, ஆள்மேல் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும்; கடலில் முங்கினால்தான் விடும் என்பார்கள். இவனுக்கோ பெயரைக் கேட்டாலே வேர்த்துவிடும்.

அந்த ஓணான்கள் இருப்பது எங்கள் ஊருக்கு எதிரே உள்ள குட்டித் தீவில். அதற்குக் காவல்காரனாக ஊர்த்தலைவர் சகியுசாவைத்தான் போட்டார். "மத்தவன் பிடிச்சு வித்துருவான். இவன் தொடவே மாட்டான்ல?" என்றார். அன்றிலிருந்து தினமும் படகில் போய், மரங்களை விட்டு எட்டவே நின்று, "பெரியம்மா, சாப்பிட்டீங்களா?" என்று ஓணான்களை விசாரித்துவிட்டு வருவான்.

மழை பொய்த்த வருஷம் என் ஆடுகளுக்கு மேய்ச்சல் இல்லை. அந்தத் தீவிலோ தளிராய்க் கிடக்கிறது. "ஆட்டை விட்டா ஓணானுக்கு ஒரு இலை மிஞ்சாது!" என்று சகியுசா கத்தினான். நேரில் பார்த்து முடிவு சொல்கிறேன் என்றார் தலைவர். மூவரும் போனோம். தீர்ப்பு என் பக்கம்தான் என்ற தெம்பில் கிடாவையும் ஏற்றிக்கொண்டேன்.

கரையில் பாய் விரித்து, பேச்சுக்கு முன் குடிக்கிற கவா வேர்ப் பானத்தைக் கரைத்தோம். நான் ஆரம்பித்தேன்: "ஐயா, காவல்காரனே கிட்ட போகப் பயப்படுற பிராணிக்கு ஒரு தீவு எதுக்கு?"

தலைவர் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து என் கிடா செம்பருத்திக் கிளையைக் கடித்து இழுத்தது. கிளையில் இருந்த ஓணான் பாய்ந்து நேராகச் சகியுசாவின் தலையில் இறங்கியது. அவன் போட்ட அலறலில் கிடா மிரண்டு கவாவைக் கொட்டியது.

"கடலுக்கு ஓடுடா!" என்றார் தலைவர்.

ஓடினான். முழங்கால் தண்ணீரில் சட்டென்று நின்றுவிட்டான்.

"முங்குடா மச்சான்!"

"முடியாது. செம்பருத்தி மரத்துக்காரி இவ. வயித்துல முட்டை இருக்கு. அலை இழுத்துட்டுப் போயிரும்."

கண்ணில் தண்ணீர் ஒழுக அப்படியே நின்றான்.

"என்ன நிறத்துல இருக்கா?" என்று கேட்டான்.

"தார் மாதிரி."

"ஐயோ!"

ஆனாலும் அசையவில்லை. வெயில் உச்சிக்கு வந்தது. கறுப்பு மெல்ல மெல்ல வெளுத்தது.

"மச்சான், பச்சையாயிட்டா."

அடிமேல் அடி வைத்துக் கரையேறி, மரத்தண்டில் நெற்றியைச் சாய்த்தான். அவள் நிதானமாக ஏறிப் போனாள். இவன் தொப்பென்று உட்கார்ந்தான். எனக்குச் சிரிக்க வரவில்லை. அவனைப் பார்க்கப் பெருமையாக இருந்தது, சொல்லித் தொலைக்கிறேன்.

"தனியேலா, கிடாவைப் படகுல ஏத்து" என்றார் தலைவர் என்னைப் பார்த்து.

ஏற்றினேன். திரும்பும்போது கேட்டேன்: "பயம் போயிடுச்சா மச்சான்?"

"எங்க போச்சு? நாளைக்கு இங்க வரணும்னு நினைச்சாலே எங்கயாவது ஓடிரலாம்னு தோணுது." கொஞ்ச நேரம் துடுப்புப் போட்டான். "காலையில மறக்காம எழுப்பிவிடு."