செவ்வாய்க்கிரகத்தில் இரண்டு பேர்

எனக்குப் பத்து வயதானபோது செவ்வாய்க்கிரகம் பூம்பாறைக்கு ஜீப்பில் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. கொடைக்கானலில் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டியில் ஏறுகிறவர்கள் வாரம் முழுக்கப் பேசியதைக் காதில் வாங்கி வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போவார். நம் நாட்டுக் கலம் செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்திருந்த சமயம் என்பதால், அந்த மாதங்களில் அவரிடம் வேறு சரக்கே இல்லை.

மாமாவின் கட்சி எளிமையானது. அத்தனை தூரம் போன கலம் ஆயிரக்கணக்கில் படம் எடுத்துத் தள்ளியிருக்கும். வெளியே விட்டதோ கொஞ்சம். மிச்சம் எங்கே? பூட்டி வைத்திருக்கிறார்கள். எதற்குப் பூட்ட வேண்டும்? அங்கே ஆள் இருக்கிறது. "ஆள்" என்று சொல்லும்போது மட்டும் குரலை இறக்கிக்கொள்வார், ஏதோ செவ்வாய்க்காரன் எங்கள் வீட்டு ஓட்டின் மேல் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கிற மாதிரி.

எதிர்க்கட்சி சித்தப்பா. அப்பாவின் தம்பி. மதுரையில் இயற்பியல் படித்துவிட்டு, அரசுப் பரீட்சைகளை எழுதிக்கொண்டே அப்பாவோடு சேர்ந்து பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு தொலைவிலிருந்து படங்கள் வந்து சேரவே நேரம் பிடிக்கும், வந்ததைச் சரிபார்த்துப் பொறுக்க வேண்டும், மங்கலாக விழுந்ததை யார் வெளியிடுவார்கள் என்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"ஒங்க கல்யாணத்துல எடுத்த படம் அம்புட்டையுமா ஆல்பத்துல ஒட்டுனீங்க? கண்ண மூடிக்கிட்டு நின்னதையெல்லாம் என்ன பண்ணுனீங்க மச்சான்?"

"மறச்சுத்தான் வச்சிருக்கேன். அதத்தானே மாப்ள நானும் சொல்றேன்" என்றார் மாமா.

நான் சித்தப்பா கட்சி. ஒரு படம் வந்தால் அதைப் பற்றி எழுதியிருப்பதைப் படிக்காதே, முதலில் படத்தைப் பார் என்று அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். யார் எடுத்தது, எங்கே நின்று எடுத்தது, நமக்குத் தெரிந்த அடையாளம் ஏதாவது அதில் இருக்கிறதா? மாமா முன்பு காட்டிய பனைமர உயர மனித எலும்புக்கூட்டுப் படத்தை, மண்வெட்டியின் நிழல் ஒரு பக்கமும் எலும்பின் நிழல் மறுபக்கமும் விழுந்திருப்பதைக் காட்டி ஒரே நிமிடத்தில் கவிழ்த்தவர் அவர். அந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் நானே கண்டுபிடித்ததாகச் சொல்லி, பாதி விஞ்ஞானியாக நடமாடிக்கொண்டிருந்தேன்.

இங்கே எங்கள் வயலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பூம்பாறையில் வயல்கள் மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும். எங்கள் படிக்கு மேல்படி இன்னொரு குடும்பத்துடையது. இரண்டுக்கும் நடுவே இருந்த கல்கட்டு ஒரு மழையில் சரிந்து, பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிட்டது. அது தாங்கியது உங்கள் மண்ணை, நீங்கள் கட்டுங்கள் என்றார் அப்பா. கல் விழுந்திருப்பது உங்கள் வயலில், நீங்கள் கட்டுங்கள் என்றார் மேல்வயல்காரர். யாரும் கட்டவில்லை. பேச்சுவார்த்தை நின்றது. எங்கள் வீட்டு ஆள் எவரும் அந்த வீட்டு ஆளிடம் பேசக்கூடாது என்று அப்பா உத்தரவே போட்டிருந்தார். மீறினால் என்ன ஆகும் என்று கேட்கிற தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா டீயைக்கூடத் தொடாமல் ஃபோனை நீட்டினார். மறைக்கப்பட்ட செவ்வாய்ப் படம் ஒன்று கசிந்துவிட்டதாம், யாரோ பயணி அனுப்பினாராம். சிவப்பு மூட்டத்தில் படிப்படியாக வயல்கள் இறங்கின. நடுவில் இரண்டு சின்ன உருவங்கள். ஒன்றுக்குக் கூடை அளவு தலை, இன்னொன்றுக்குக் கூம்புத் தலை. செவ்வாயில் விவசாயம் நடக்கிறது, ஆதாரம் இதோ என்றார் மாமா. சித்தப்பா கொல்லையில் கைகால் கழுவிக்கொண்டிருந்ததால் கட்சியைக் காப்பாற்றுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. இது செவ்வாய் இல்லை என்று நிரூபித்தால் ஜீப்பின் முன்சீட்டில் உட்காரவைத்து ஏரிக்குக் கூட்டிப்போய்ப் படகில் ஏற்றுவதாக மாமா பந்தயம் கட்டினார். படகு என்றால் எனக்கு உயிர்.

சித்தப்பா சொல்லிக் கொடுத்தபடி அடையாளம் தேடினேன். ஓரத்தில் ஒரு தொட்டி. கீழே ஒட்டி நிற்கும் இரண்டு யூகலிப்டஸ். நடுப்படியில், உருவங்கள் நிற்கிற இடத்தில், பல் விழுந்த வாய்.

"மாமா, இது நம்ம வயலு. மேல ரோட்டுல நின்னு எடுத்து, செவப்புப் பூசிருக்காங்க."

மாமா சிரித்தார். நான் தொட்டியையும் மரங்களையும் உடைப்பையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டியதும் சிரிப்பு குறைந்தது. அதுவரை சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்த அப்பா நிமிர்ந்தார். நம் வயலில் நிற்பது யார் என்று கேட்டபடி மூக்குக்கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார்.

அப்போதுதான் சித்தப்பா ஈரக் காலோடு உள்ளே வந்து ஃபோனை வாங்கினார். ஒரு பாராட்டுக்காக நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"மச்சான் சொல்றதுதான் சரி. இது செவ்வாய்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொட்டியைக் காட்டினேன். அது பள்ளம் என்றார். மரத்தைக் காட்டினேன். பாறை என்றார். உடைப்பைக் காட்டியதும், காற்று அரித்து மலைச்சரிவுகள் படிப்படியாக ஆவதைப் பற்றி ஒரு பாடமே நடத்தினார். இவ்வளவு பெரிய வெற்றியை எதிர்பார்க்காத மாமாவுக்கே பயம் வந்து, எதற்கும் இன்னொரு தடவை நன்றாகப் பார்க்கச் சொன்னார். சித்தப்பா பார்க்க மறுத்துவிட்டார்.

அப்பாவுக்குக் கண்ணாடி கிடைத்துவிட்டது. அவர் கை நீட்டுவதற்குள் அம்மா சமையலறையிலிருந்து வந்து ஃபோனைப் பிடுங்கினாள். அதுவரை செவ்வாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள். விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்தாள்.

"செவ்வாய்தான். நம்ம ஊருல அவங்கவங்களுக்கு ஆயிரம் சோலி கெடக்கு, யாரு இப்புடி வெட்டியா நிக்கிறது?" என்றாள். தம்பியிடம் ஃபோனைத் திருப்பிக் கொடுத்து, மழை வருகிறது, டீயைக் குடித்துவிட்டு வெரசாகக் கிளம்பு என்றாள். அம்மாவின் தீர்ப்புக்கு மேல் அப்பா முறையீடு செய்வதில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

ஜீப்பில் ஏறியதும் மாமா அந்தப் படத்தைத் தேடியிருக்கிறார். காணவில்லை. அம்மாவின் விரல் எங்கே பட்டதோ, படம் அழிந்துபோயிருந்தது. தன் ஃபோனுக்குள்ளேயே புகுந்து அழித்துவிட்டார்கள் என்று இன்றைக்கும் அவர் பயணிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு விஷயத்தில் அவரை மறுக்க எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வராது.

நான் அன்று அழுதேன். படகு போனதற்காக இல்லை. சரியாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவரே நான் சரியாகப் பார்த்ததைப் பொய் என்று சொன்னது தாங்கவில்லை. சாயங்காலம் சித்தப்பா ஒரு பேரிக்காயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ சொன்னது எதுவும் தப்பில்ல பாப்பா. ஆனா கொஞ்ச நாளைக்கு அது செவ்வாயாவே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு, யார் காதிலாவது விழுந்ததா என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாமா சொன்னது உண்மை. படங்களை மறைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் சித்தப்பாவை மிரட்டியிருக்கிறார்கள், அம்மாவையும் மிரட்டியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் இந்த இருவரும் ஒரே நாளில் கட்சி மாறுவார்களா? தொட்டியையும் மரத்தையும் ஆராய்ந்து ஒரு புரளியை உடைத்த நான், அதே நாள் சாயங்காலம் அதைவிடப் பெரிய புரளி ஒன்றை நானே உருவாக்கி நம்பினேன்.

இனி சித்தப்பாவைத் தனியாக விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். மறுநாள் சாயங்காலம் தூறலுக்குச் சாக்கைக் கூம்பாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு அவர் வயலுக்குக் கிளம்பினார். கூடவே போனேன். வேறு வேலையே இல்லையா என்று வழிநெடுக அதட்டினார். நான் விடவில்லை. கல் சரிந்த இடத்துக்கு மேல்வயல்காரரின் மகள், இன்றைக்கு என் சித்தி, பிடுங்கிய பூண்டுக் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு வந்தாள். என்னைக் கண்டதும் திகைத்து நின்றாள். பாவம், இவளையும் மிரட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள் என்று இருவருக்கும் தைரியம் சொன்னேன். அவள் மடியிலிருந்து பச்சைப் பட்டாணியை எடுத்துத் தந்தாள். இருவரும் ஆளுக்கொரு கல்லில் உட்கார்ந்தார்கள். என்னைப் பார்ப்பதும் மலையைப் பார்ப்பதுமாக இருந்தார்களே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு பயம் என்று எனக்குத் தோன்றியது. அந்த வாரம் முழுக்க, ஒரு சாயங்காலம்கூடத் தவறாமல், இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து அவர்களைக் காவல் காத்தேன்.