எண்ணி முடிக்கட்டும், சார்

இரண்டு வருஷத்துக்கு முந்தைய டிசம்பர். பெங்களூர் பொம்மனஹள்ளியில், வெளிநாட்டுக்காரர்களுக்குக் குளிர் ஜாக்கெட் தைக்கிற ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனி. மாடியில் தையல் மெஷின்கள். கீழே, அங்கே தைக்கும் பெண்களின் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம். அதில் நான் மிஸ். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் கிடைத்த வேலை. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முழங்கால் முனகும். ஆனாலும் உட்காருவேன்.

அறையில் ஒரு இரும்பு பீரோ. உள்ளே பொம்மைகள், மரக்கட்டைகள், படப் புத்தகங்கள், எல்லாம் வாங்கிய பிளாஸ்டிக் கவரோடு. ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து, இங்கே வசதிகள் எல்லாம் சரியா என்று பார்க்கிற ஆடிட்டுக்கு ஆள் வரும் அன்று மட்டும் கவர் கழலும். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் துடைத்து, கவர் மாட்டி, பூட்டு. சாவி, காப்பகத்துக்குப் பொறுப்பான கம்பெனி ஆபீசர் பாக்கெட்டில்; கன்னடம் கலந்து தமிழ் பேசுவார். அடுத்த ஆடிட்டுக்கும் புதுசாகவே இருக்க வேண்டுமாம். மற்ற நாளெல்லாம் என் பிள்ளைகள் விளையாடியது, நூல் தீர்ந்த கூம்புகளோடு.

அந்த முறை ஆபீசர் ஒரு யோசனையோடு வந்தார். “டிசம்பர் அல்லவா மேடம்? விண்ட்டர் தீம் வெச்சிடுங்க. எண்ணுற மாதிரி ஏதாச்சும். போட்டோல நல்லா வரும்.”

வைத்தேன். ஜாக்கெட்டுக்குள் அடைக்கிற பஞ்சை உருட்டி உருட்டிப் பனிப்பந்து. அட்டையில் கையுறை வெட்டி, ஒன்றிலிருந்து பத்து வரை எண். எந்த எண்ணோ அத்தனை பந்தை அந்தக் கையுறைமேல் எண்ணி வைக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். பனியை என் பிள்ளைகள் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. அவர்கள் அம்மாக்களின் தலைமயிரில் மட்டும் தினம் சாயங்காலம் இதே பஞ்சு, பெய்து ஓய்ந்த பனியாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆடிட்காரர்கள் வந்தார்கள். குனிந்தார்கள், சிரித்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். டீ ஆறுகிற நேரம்கூட இல்லை.

“ஆயித்து மேடம், எடுங்க எடுங்க” என்று, கவர் கழன்று தரையெல்லாம் கிடந்த பொம்மைகளுக்கு நடுவே ஆபீசர் சாவியோடு நின்றார்.

ஒரு நாலு வயதுப் பெண்குழந்தை அப்போதுதான் ஏழாம் கையுறைக்கு வந்திருந்தாள். ஐந்து பந்து வைத்தாயிற்று, ஆறாவது விரலிடுக்கில். பந்துக் கூடையையும் சேர்த்துப் பூட்டிவைக்க அவர் கை நீண்டதும், இரண்டு கையாலும் அட்டையைப் பொத்திக்கொண்டாள். அழவில்லை. அண்ணாந்து என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் எனக்குள் என்னவோ தைரியம் வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

“எண்ணி முடிக்கட்டும், சார்.”

“நாளைக்கு எண்ணட்டுமே.”

“நாளைக்குப் பூட்டியிருக்குமே.”

“பொம்மைங்க உடைஞ்சா யாரு பொறுப்பு? நீங்களா?”

“நான்தான்” என்றேன். குழந்தையிடம் திரும்பி, “ஒவ்வொண்ணா வை கண்ணு. ஒரு அவசரமும் இல்ல.”

அவள் அவசரப்படவில்லை. வைத்தாள், தொட்டாள், சந்தேகம் வந்தால் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஏழு முடிந்தது, எட்டு முடிந்தது. பத்தாவது கையுறை நிரம்பியதும் ஆபீசர் மறுபடி கையை நீட்டினார். நான் பந்துகளை அள்ளிக் கூடையில் கொட்டினேன். “அடுத்தது யாரு?”

அத்தனை பிள்ளைகளும் கை தூக்கினார்கள்.

அவர் முகம் சிவந்தது. “வேலை வேணாமா மேடம்?” என்று மெதுவாகக் கேட்டார். வேண்டும்தான். வீட்டு வாடகையும் அந்தச் சம்பளத்தில்தான். அடுத்த பிள்ளைக்குக் கூடையை நகர்த்தினேன்.

எண்ணிக்கொண்டே இருந்தோம். தமிழில் ஒருத்தன், கன்னடத்தில் ஒருத்தி, பாதி தூரம் இந்தியில் போய் இங்கிலீஷில் இறங்கிய ஒரு வாண்டு. ஷிஃப்ட் முடிகிற பெல் அடித்தது. அம்மாக்கள் படியிறங்கி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

“இன்னா மிஸ், இவ்ளோ பொம்மை! இங்கயேவா இருந்துது?” என்றாள் ஏழாம் கையுறைக்காரியின் அம்மா, திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண்.

“வீணாயிடும்னுதாம்மா உள்ள வெச்சிருக்கோம்” என்றார் ஆபீசர்.

“பூட்டி வெச்சா குட்டி போடுமா சார்?”

வாசல் முழுக்கச் சிரிப்பு. தமிழ் தெரியாத பெண்களும் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

மறுநாள் காலை பீரோ பூட்டியிருந்தது. சொல் பேச்சுக் கேட்கவில்லை என்று எனக்கு ஒரு மெமோ. ஆனால் பிள்ளைகளை விட வந்த அம்மாக்கள் மாடிக்குப் போகவில்லை. கோஷம் கிடையாது, சண்டை கிடையாது. பீரோ முன்னால் சும்மா நின்றார்கள். மேலே மெஷின்களும் சும்மா நின்றன. தையல் நின்றால் யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது ஆபீசருக்கு நன்றாகத் தெரியும். சாவி வந்தது. அதன்பிறகு அந்த பீரோவைப் பூட்டும் பேச்சே எழவில்லை.

சில மாதத்தில் என்னை வேண்டாம் என்றுவிட்டார்கள். போகட்டும். கடைசி நாள் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தேன். கரடிக்கு ஒரு காது இல்லை. படப் புத்தகத்தின் மூலையில் பால்பல் கடித்த தடம். கட்டைகளில் விரல் அழுக்கு. அவ்வளவு அழகான அழுக்கை நான் எங்கேயும் கண்டதில்லை.

இப்போது வேறு இடத்தில், வேறு பிள்ளைகளோடு தரையில் உட்காருகிறேன். ஒரு குழந்தை எண்ணிக்கொண்டிருக்கும்போது குறுக்கே நீளுகிற கை எவ்வளவு பெரியவருடையதானாலும் சரி, அது காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருக்க வைக்க எனக்குத் தெரியும்.