மணி அடித்தால் குரைத்த நாய்

இதை எழுத உட்கார எனக்கு நாலு வருஷம் ஆயிற்று. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். தமிழை விட மலையாளம்தான் கைக்கு எளிதாக வரும். ஆனால் தயங்கியதற்கு அது காரணமில்லை. சாமி படத்துக்கு முன்னால் வைத்து ஒரு வாயில்லா ஜீவனை அடித்தேன் என்று எழுத வெட்கமாக இருந்தது. எழுதாமல் வைத்திருப்பது அதைவிடக் கனமாகிவிட்டதால் எழுதுகிறேன்.

நகரசபையில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு நீள ஓட்டுக் கட்டடத்தை நாலாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், அதில் இரண்டாவது வீடு எங்களுடையது. மகளுக்குக் கல்யாணமான வருஷம், மிளகுக் கிடங்கு வாசலில் மழையில் கிடந்த நாய்க்குட்டியை என் மனைவி முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்தாள். மகளோடு பேசிக்கொண்டிருந்த பேச்சையெல்லாம் அதனோடு பேச ஆரம்பித்தாள்.

தினமும் காலையில் குளித்து, விளக்கேற்றி, கற்பூரம் காட்டி மணியடிப்பது எங்கள் வழக்கம். ஒருநாள் மணியடித்தபோது குட்டி தலையைத் தூக்கி ஊளையிட்டது. எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. பைரவருக்கு வாகனமான ஜீவன் அல்லவா, சாமியைக் கூப்பிடுகிறது என்று நினைத்தேன். நைவேத்தியத் தட்டிலிருந்து ஒரு துண்டு வெல்லம் எடுத்து அதன் வாயில் வைத்தேன். மறுநாளும் ஊளையிட்டது, மறுநாளும் வெல்லம். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துக் கும்பிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

நாய் வளர்ந்தது, தொண்டையும் வளர்ந்தது. ஊளை போய்க் குரைப்பு வந்தது. பூஜை மணிக்கு மட்டுமா? சைக்கிள் மணி, ஐஸ் வண்டி மணி, பக்கத்து வீட்டு அழைப்பு மணி, எல்லாவற்றுக்கும் குரைத்தது. குரைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். வாயை அடைக்க மறுபடி வெல்லம் கொடுப்பேன். அந்தச் சமயம் பக்கத்து வீட்டுப் பெண் பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றிருந்தாள். நடுவில் ஒற்றைச் சுவர். இங்கே நாய் குரைத்தால் அங்கே பிள்ளை வீறிடும். அந்த வீட்டு அம்மா முன்பு நாயைக் கும்பிட்டவள். இப்போது என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் வீட்டுக்காரர் வந்தார். குரலை உயர்த்தாமல், நாயைப் பட்டி என்கிற மலையாளப் பேச்சில் கேட்டார்.

"சேட்டா, பட்டி வேணுமோ, வீடு வேணுமோ? ரெண்டில் ஒண்ணு மதி. ஒரு மாசம் தரேன்."

என்னோடு வேலை பார்த்த ஒருவர் பக்கத்தில் கும்பளங்கியில், வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்கி மீன் வளர்க்கும் கெட்டுக்குக் காவல் இருந்தார். வரப்பில் கட்டிப்போட ஒரு நாய் வேண்டும், மாசக் கடைசியில் வந்து அழைத்துப் போகிறேன் என்றார். அன்று மனைவி நாய்க்குச் சோறு வைத்துவிட்டு, அது தின்று முடிக்கும் வரை அங்கேயே நின்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை கற்பூரம் எரியும்போது நாய் குரைத்தது, சுவருக்கு அப்பால் பிள்ளை அழுதது. ஒட்டடைக் கம்பை எடுத்து நாலு அடி அடித்தேன். நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டுவிட்டுக் கட்டிலுக்கடியில் ஓடிற்று. மறுநாள் மணியடித்தபோது கட்டிலுக்கடியிலிருந்தே, நடுங்கிக்கொண்டே குரைத்தது. வேட்டியை இறுக்கிக் கட்ட நான் கையைத் தூக்கினாலும் தரையோடு ஒட்டிக்கொண்டது.

தடுப்பூசி போட்டு அனுப்பச் சொல்லியிருந்தார் கும்பளங்கிக்காரர். நானும் மனைவியும் நாயோடு மிருக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சின்ன வயசுப் பெண். நாய் என்னைக் கண்டு ஒதுங்குவதைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டார். வெல்லம் முதல் கம்பு வரை சொன்னேன். வெல்லம் எப்போது கொடுப்பீர்கள் என்றார். குரைத்ததும் என்றேன். சிரித்துவிட்டார்.

"சேட்டா, இவன் பக்தியில குரைக்கலை, வெல்லத்துக்குக் குரைக்கறான். குரைச்சா கிடைக்கும்னு படிப்பிச்சது நீங்கதான். பிறகு அதுக்கே அடிச்சா பாவம் இவன் என்ன செய்யும்?"

இனி அடிக்கக் கூடாது, திட்டவும் கூடாது. மணியை மெதுவாக ஒலித்து, குரைக்கும் முன்னால், சும்மா இருக்கும்போதே தின்னக் கொடுக்க வேண்டும். குரைத்தால் ஒன்றும் கொடுக்காமல், சத்தத்தைக் குறைத்து மறுபடி தொடங்க வேண்டும். இவ்வளவுதான் அவர் சொன்னது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. சாமிக்குப் படைக்கும் முன்பு நாய்க்குக் கொடுப்பதா? பூஜை மணியை நாய்க்காக அடிப்பதா? வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். மனைவி வாசலில் நின்று சொன்னாள்.

"நீங்க கம்பெடுத்தப்போ சாமி பார்த்துட்டுதான் இருந்தது. அதைப் பொறுத்த சாமி இதைப் பொறுக்காதா?"

அவள் நைவேத்தியத்தைத் தொடாமல், கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கை அவித்துக் கடலையளவு நறுக்கி வைத்தாள். மணியின் நாக்கில் பழைய வேட்டித் துணியை மூன்று சுற்றுச் சுற்றினேன். பின்பக்கம் துவைக்கிற கல்லருகே ஒரு சாக்கு விரித்தோம். நான் மணி, அவள் கப்பை. ஆனால் மணி என் கையில் இருக்கும்வரை நாய் வரவில்லை. அதனால் நான் முதுகைக் காட்டி உட்கார்ந்து 'டொக்' என்று ஒலித்தேன். அவள் கப்பைத் துண்டைச் சாக்கின் மேல் போடுவாள். திரும்பிப் பார்க்க எனக்கு அனுமதியில்லை. ஐந்தாம் நாள் என் முதுகில் சூடான மூச்சுப் பட்டது. அசையாமல் இருந்தேன், கண் மட்டும் நிறைந்துவிட்டது.

அவசரப்பட்டு ஒரே நாளில் இரண்டு சுற்றை அவிழ்த்தேன், குரைத்துவிட்டது. மறுபடி சுற்றிக்கொண்டு ஆரம்பத்திலிருந்து வந்தோம். மூன்றாம் வாரம் துணியே இல்லாமல் அடித்தேன். நாய் தானாகச் சாக்கில் போய்ப் படுத்து, அவள் கையைப் பார்த்தது. சாக்கைப் பூஜை மூலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தோம்.

மாசம் முடிகிற அன்று காலையில் வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்றார். பூஜை நேரம். அவர் நிற்கிற பதற்றத்தில் மணியை வழக்கத்தைவிடப் பலமாகவே அடித்துவிட்டேன். நாய் எழுந்தது. தொண்டைக்குள் ஒரு உறுமல். பிறகு சாக்கில் சுருண்டு படுத்துக்கொண்டது. மனைவி கப்பைத் துண்டை அதன் வாயருகே வைத்தாள். பக்கத்து வீட்டில் பிள்ளை அழவில்லை. வீட்டுக்காரர், இது அந்தப் பழைய பட்டிதானா என்று கேட்டுவிட்டு, வீட்டைக் காலி செய்கிற பேச்சே எடுக்காமல் சாயா குடித்துப் போனார். நான் சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். 

நாயை அனுப்பவில்லை என்று கும்பளங்கிக்குப் போன் செய்தேன்.

"சங்கிலி வாங்கி வச்சிட்டேனே அண்ணே. இனி அதை யாருக்குக் கட்ட, என் மச்சானுக்கா?" என்றார் அவர்.

நாய் இன்றும் எங்களோடுதான் இருக்கிறது. ஐஸ் வண்டி மணிக்கு இன்னும் இரண்டு குரை குரைக்கும், அதுவும் போகும். ஆனால் தெருவில் இந்தக் கதை வேறு விதமாகச் சுற்றுகிறது. நான் விரதம் இருந்தேனாம், பைரவர் கனவில் வந்தாராம், மறுநாளே நாய் அடங்கிவிட்டதாம். பகவான் துணை இல்லாமல் எதுவும் நடக்காது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்று அவர் அந்த டாக்டர் பெண்ணின் வாய் வழியாகத்தான் பேசினார். கதையைக் கேட்டுவிட்டு வீட்டில் கம்பெடுக்கிறவர்கள் விரதம் இருக்கத் தொடங்கினால் எந்த நாய்க்கும் பிரயோஜனமில்லை. ஆகவே நாய் வளர்க்கிறவர்களுக்கு இதைப் படிக்கக் கொடுங்கள். கனவைச் சேர்க்க வேண்டாம், நான் அடித்ததை எடுத்துவிடவும் வேண்டாம். எழுதியிருக்கிறபடியே கொடுங்கள்.