கையாலை தாண்டிய களைக்கொல்லி

2008 ஆனியில், மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், குழித்துறைக்கு அருகிலுள்ள என் ரப்பர் தோட்டத்தில் களைக்கொல்லி தெளித்தேன். காற்றடிக்கும்போது தெளிக்கக் கூடாது என்று படித்திருந்தும், அடுத்த மழைக்குள் முடிக்கும் அவசரம்.

மூன்று வாரத்தில், எல்லையிலுள்ள கையாலை என்னும் மண்சுவருக்கு அப்பால் ரோஸம்மாள் நட்டிருந்த ரப்பர் கன்றுகளில் தளிர்கள் நூலாக ஒடுங்கின. கணவர் வளைகுடாவில் இருக்க, கோடை முழுதும் அவள் தனியாகக் குடம் சுமந்து காப்பாற்றிய கன்றுகள்.

"ஆருக்க கண்ணு பட்டுதோ தெரியல்ல அண்ணா. நாளைக்கு எல்லாத்தையும் பிடுங்கப் போறேன்."

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மருந்தடித்த தேதியை நாட்குறிப்பில் எழுதியவனே நான்; காரணம் எனக்குத் தெரியும்.

"கண்ணு இல்ல ரோஸம்மா. காத்துல பறந்த என் மருந்து."

அவள் முகம் சிவந்தது. "இத்தன புஸ்தகம் படிச்சும், காத்து எந்தப் பக்கம் அடிக்குன்னு பாக்கத் தெரியாதா?" உடனே குரல் தணிந்தது. "பொழைக்குமா?"

"ஒட்டுக் கட்டின இடத்துக்கு மேல, நல்ல பச்சைத் தண்டு வரைக்கும் வெட்டினா துளிர்க்கலாம்."

"அப்ப நீங்களே வெட்டித் தரணும்."

இரண்டு நாள் வெட்டினேன். ஆவணியில் அவளே கையாலைமேல் ஏறிக் கூப்பிட்டாள். அநேகமாக எல்லாக் கன்றுகளிலும் அகன்ற இலைகளோடு புதுத்தளிர்.

அன்று தயங்கிய அந்தச் சில நிமிடங்களை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஆனாலும் அந்த மரங்களைக் கடக்கும்போது தலைகுனிந்து நடப்பதில்லை.